வீங்கும் என்று சொல்லிப் போட்ட ஊசி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஊசியை எப்படிப் பிடிப்பது, மருந்தை எந்தக் குளிரில் வைப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் மறுபடியும் ஓதப் போவதில்லை. ஊசி போட்டு இரண்டொரு நாள் கழித்து ஒருத்தி வீங்கிய கையை ஏந்திக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பாள். கூடவே அவள் மாமியாரும் வருவாள். அப்போது என்ன சொல்வது என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம், அதை மட்டும் எழுதுகிறேன்.

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவர் ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக என் சர்வீஸின் பெரும்பகுதி கழிந்தது. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைக்கு எதிரே வாடகைக்கு இருந்தேன். அந்தக் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். யாராவது என் வீட்டுக்கு வழி கேட்டால், எலும்புக்கூட்டுக்கு நேர் எதிர் வீடு என்று ஊரார் கை காட்டுவார்கள். ஊசி போடுகிறவளுக்கு இதைவிட மோசமான அடையாளம் இருக்க முடியாது. சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

நம் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சை எடுக்கும்போதே அது வாயில் வந்துவிடும். பயந்து நிற்கிறவர்களைத் தேற்றத்தான் சொல்கிறோம், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லால் எவ்வளவு தொல்லை வரும் என்பதை நான் பசியாவரம் என்ற ஊரில் பார்த்தேன்.

அதற்கு முன், அலர்ஜி என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இப்போது எல்லார் வாயிலும் புழங்குகிறது. தோணிரேவு என்ற ஊரில் ஒருவர் நான் ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே, வெறும் பஞ்சு பட்டதுமே, கண்ணைச் செருகிக்கொண்டு சாய்ந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், கடலில் எந்த அலைக்கும் அசராதவர். எழுந்து உட்கார்ந்ததும் எனக்கு அலர்ஜி என்றார். அது அலர்ஜி இல்லை, பயம். நிஜமான ஆபத்து வேறு மாதிரி இருக்கும். ஊசி போட்ட சற்று நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாகக் கிளம்பும், உதடு வீங்கும், மூச்சு முட்டும், ஆள் துவண்டு விழுவார். அதற்குத்தான் போட்டவர்களை அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். அப்படி வந்தவருக்கு மறுபடி அதே ஊசியைத் தொடக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. மூன்றாவது ஒரு வகை உண்டு. மெதுவாக வரும், தோலோடு நிற்கும், பார்க்கப் பயமாக இருக்கும். தனக்கோடிக்கு வந்தது அதுதான்.

தனக்கோடி பசியாவரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். ஆந்திரா எல்லைப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். புருஷன் மூர்த்தி ஏரியில் இறால் வலை போடுகிறவன், சாது. வீட்டில் அதிகாரமெல்லாம் மாமியார் பூங்காவனத்தம்மாளிடம்தான். பசியாவரம் ஏரிக்குள் இருக்கும் தீவு ஊர். அப்போது படகு ஒன்றுதான் வழி. படகுக்காரர் மனசு வைத்தால் நாம் போகலாம், காற்று மனசு வைத்தால் அவர் போகலாம்.

அந்த ஊர்ப் பெண்களுக்குக் கை எப்போதும் புண்ணாகவே இருக்கும். வலையில் வந்த இறாலைக் கையால் தரம் பிரிக்க வேண்டும். இறாலின் கொம்பு குத்தும், நண்டு கிழிக்கும், உப்புத் தண்ணீர் அரிக்கும். இறால் அரிப்பு என்று அதற்கு ஒரு பேரே வைத்திருந்தார்கள். சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு எல்லாரும் தடவுவது சிவப்பு மருந்து. உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். புண்ணுக்குப் போடுகிற தண்ணீர் மருந்து, பூசினால் செக்கச்செவேல் என்று பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் லேசாகப் பச்சை மினுங்கும். கடையிலும் கிடைக்கும், நாமும் கொடுப்போம். ஊரில் அந்த பாட்டில் இல்லாத வீடே கிடையாது, படகிலும் ஒன்று இருக்கும். மருதாணி வைத்த மாதிரி எல்லாப் பெண்களின் உள்ளங்கையும் சிவந்தே கிடக்கும்.

தனக்கோடி அப்போது முழுகாமல் இருந்தாள். தாய்க்கும் பிறக்கப் போகும் குழந்தைக்கும் டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி வராமல் இருக்கக் கர்ப்பிணிகளுக்கு இரண்டு தவணை ஊசி போடுவோம் அல்லவா, அதில் முதல் தவணைக்கான நாளில் நான் லீவில் இருந்தேன். எனக்குப் பதிலாகப் போனவர் நல்ல வேலைக்காரர்தான். ஊசி போட்டார், அரை மணி உட்கார வைத்தார். மாமியார் ஏதாவது செய்யுமா என்று கேட்டிருக்கிறாள். ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் போயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நான் லீவு முடிந்து வருவதற்குள் சேதி ஏரியைக் கடந்து வந்துவிட்டது. ஊசி போட்ட பெண்ணுக்குக் கை வெந்து போச்சு என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். துறைக்குப் போனால் படகுக்காரர் என் கையிலிருந்த ஊசி மருந்து ஐஸ் பெட்டியையே பார்த்தார்.

"பொட்டிய எட்த்துக்கினு வராதனு ஊர்ல சொல்ட்டாங்க நர்சம்மா. நீ மட்டும் வர்றதுனா ஏறு."

கோபம் வந்தது எனக்கு. அரசாங்கப் பெட்டி, அதை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார் என்று வாய் வரை வந்துவிட்டது. அங்கே நின்று சண்டை போட்டிருந்தால் சட்டம் என் பக்கம் இருந்திருக்கும், படகு அவர் பக்கம் இருந்திருக்கும். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வெறுங்கையோடு ஏறினேன். இதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் ஒரு வீட்டில் மனக்கசப்பு வந்தால், முதல் தடவை ஊசி இல்லாமல் போங்கள்.

பூங்காவனத்தம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. மருமகளைக் கூப்பிட்டு ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். மேல்கை முழுக்க ரத்தச் சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பாதி சிவப்பு மருந்தின் சிவப்பு. வீங்கின இடத்தில் அதையே வேளா வேளைக்கு அள்ளிப் பூசியிருக்கிறார்கள்.

சோப்பும் தண்ணீரும் கேட்டேன். நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு கை எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் தடித்த வீக்கம். அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக நீர் கோத்த கொப்புளங்கள், சொறிந்து கசிந்திருந்தன. மருந்து பூசின எல்லை வரைக்கும் அந்தப் பொடிக் கொப்புளம் இருந்தது, அதற்கு அப்பால் தோல் சுத்தமாக இருந்தது. அதை மனசில் வாங்கிக்கொண்டேன், அப்போது அர்த்தம் புரியவில்லை.

"எப்போ வீங்குச்சு?"

"மறுநாள் சும்மாதான் இருந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் அரிச்சுது, அப்பால பொங்கிக்கிச்சு," என்றாள் தனக்கோடி.

மூச்சு முட்டியதா, உதடு வீங்கியதா, உடம்பில் வேறு எங்காவது தடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை. காய்ச்சலும் இல்லை. மாமியார் பொறுமை இழந்துவிட்டாள்.

"நீ இன்னா கேட்டாலும் சரி. ஒண்ணும் ஆகாதுனு சொல்லித்தான போட்டாங்க? ஆச்சா இல்லியா? இனிமே என் மருமவளுக்கு ஊசி கெடையாது. வேற எந்தப் பொண்ணுக்கும் இந்த ஊர்ல கெடையாதுனு பெரியவங்க சொல்ட்டாங்க."

அவள் கேட்டதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. துறைக்குத் திரும்பி நடந்தபோது தனக்கோடி குடத்தோடு பின்னால் வந்தாள். தண்ணீருக்குப் போகிறவள் போலவே என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"அக்கா, மொதல் புள்ள எங்க நைனா வூட்லதான் பொறந்துச்சு. ஊசி கீசி ஒண்ணும் போடல. நல்லாத்தான் அழுதுச்சு, பால் குடிச்சுது. அப்பால வாயே தொறக்கல. பால் கட்டிக்கினு நான் உக்காந்துனுக்கீறேன், அது வாயத் தொறக்கல." குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "கை வீங்கினா வீங்கட்டும். எனக்கு அந்த ஊசி வேணும். ஆனா அத்தைய மீறி நான் படகு ஏற முடியாது."

தொப்புள்கொடி அறுத்த இடத்தில் நுழைந்து, வாயை இறுக்கிக் குழந்தையைக் கொல்லும் ரண ஜன்னி அதுதான். இப்போது நீங்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் படிக்கிறீர்கள், ரொம்ப நல்லது. நான் பார்த்திருக்கிறேன். அந்த வாய் இறுகினதைப் பார்த்தவர்களுக்கு வீங்கின கை ஒரு விஷயமே இல்லை.

எங்கள் சுகாதார நிலையத்தில் அப்போதிருந்த டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகம் பேசமாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார். எப்போது வந்தது, எங்கே வந்தது என்று அவரும் அதே இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்டார். அதற்குள் மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஊர்ப் பிரச்சினையாக்க வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது என்று அட்டையில் எழுதி விட்டுவிடுங்கள் என்றார்களாம். எழுதிவிட்டால் எங்களுக்குத் தலைவலி போய்விடும்.

"எழுதறது சுலபம்," என்றார் டாக்டரம்மா. "அதுக்கப்புறம் அவளுக்கு எந்தக் காயம் பட்டாலும் ஒருத்தரும் ஊசி போட மாட்டாங்க. அதை யார் அழிக்கிறது?"

பிறகு எனக்கு விளக்கினார். ஒரே குப்பியிலிருந்து பல பேருக்கு மருந்து எடுக்கிறோம். ஊசி உள்ளே போய் வரும்போது கிருமியும் போகலாம். அது கெட்டுப் போகாமல் இருக்க, ஊறுகாய்க்கு உப்புப் போடுகிற மாதிரி, துளியூண்டு ஒரு மருந்தைக் கலந்திருப்பார்கள். தையோமெர்சால் என்று பேர், பாதரசம் சேர்ந்த சரக்கு. அவ்வளவு சின்ன அளவில் அது உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சிலருடைய தோல் அதற்கு முன்பே பகையாகியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி போட்ட இடம் ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்து வீங்கும், தானாகவே அடங்கும். உயிருக்கு ஆபத்து கிடையாது, ஊசியை நிறுத்தவும் தேவையில்லை.

"ஆனா தோல் சும்மா பகைச்சுக்காது. முன்னாலேயே எங்கேயோ பழகியிருக்கணும். அவ வீட்ல பாதரசம் எங்கேயிருந்து வந்தது?"

அந்தக் கேள்வியோடு நான், மருந்து பூசின எல்லை வரைக்கும் மட்டும் கொப்புளித்திருந்த அந்தத் தோலை நினைத்தேன். சிவப்பு மருந்து என்றேன். டாக்டரம்மா மேஜைமேல் தட்டினார். அதிலும் பாதரசம்தான். எங்களுக்கு உள்நாட்டில் நெல் விளைகிற ஊர்களும் பொறுப்பில் உண்டு. அங்கேயும் அதே ஊசியைத்தான் போட்டோம், ஒரு கையும் இப்படி ஆகவில்லை. அந்த ஊர்களில் காலில் முள் தைத்தால் சிவப்பு மருந்து பூசுவார்கள், அவ்வளவுதான். இங்கே போல் தினம் கையை நனைப்பவர்கள் யாரும் இல்லை.

யோசனை சரியாக இருந்தது, ஆனால் நிரூபணம் ஆகவில்லை. மாமியாரிடம் சொன்னால், கை அரிப்பு இறாலால் வருவது, மருந்தால்தான் அடங்குகிறது என்பாள். ஊரே அதைத்தான் சொல்லும். இறால் வேலை செய்கிற கையில், மருந்தால் வந்த அரிப்பு எது, இறாலால் வந்த அரிப்பு எது என்று எப்படிப் பிரிப்பது?

ஏரியில் எல்லாரும் எல்லா நாளும் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல இடங்களைப் பங்கு வைத்து, இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று முறை போட்டு இறங்குவார்கள். பாடு இல்லாத வீட்டில் அன்றைக்கு இறால் வராது. மறுபடி நான் பசியாவரம் போனபோது மூர்த்தி வீட்டில் வலை உலர்ந்து கிடந்தது. தொடர்ந்து சில நாட்களாக அவர்களுக்குப் பாடு வரவில்லையாம். தனக்கோடி வாசலில் உட்கார்ந்து உள்ளங்கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கை அரிக்குதா?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான்."

"இறாலைத் தொட்டு எத்தனை நாள் ஆச்சு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்த்தாள். பூங்காவனத்தம்மாளும் பார்த்தாள். இறாலே இல்லாமல் இறால் அரிப்பு எப்படி வந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். சிவப்பு கொஞ்சம் வெளிற, அடியில், முன்பு மேல்கையில் பார்த்த அதே பொடிக் கொப்புளங்கள் தெரிந்தன. மருந்தின் நிறமே புண்ணை மூடி மறைத்திருக்கிறது. இத்தனை நாளாக யாரும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. அரிக்க அரிக்கப் பூசியிருக்கிறார்கள், பூசப் பூச அரித்திருக்கிறது.

உடனே மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் சுலபம். பூங்காவனத்தம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. மருந்து பூசாமல் விட்டால் கை அழுகிவிடும், பிறகு யார் பதில் சொல்வது என்றாள். அவளோடு தர்க்கம் பண்ணி நான் ஜெயித்திருக்க முடியாது. அதனால் பேரம் பேசினேன்.

"ஒரு கை உங்களுக்கு, ஒரு கை எனக்கு. வலது கையில நீங்க எப்பவும் போல பூசுங்க. இடது கைக்கு வெறும் சோப்பு, தேங்காய் எண்ணெய். பாடு வந்தாலும் அப்படியே செய்யட்டும்."

அந்த அம்மாளுக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும் போலிருக்கிறது. முதல் தடவையாகச் சிரித்தாள். என் கை தோற்கும் என்றாள்.

அடுத்த சில வாரங்கள் வேறு எந்த வேலையிலும் எனக்கு மனசு ஓடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாம் தவணைக்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் வேறு கர்ப்பிணிகளும் இருந்தார்கள், ஒருத்தியும் ஊசிக்கு வரவில்லை. மழைக்காலம் பிறந்து வாடைக்காற்று ஏறிவிட்டால் படகும் நிச்சயம் இல்லை. என் யோசனை தப்பாகி இடது கை சீழ் வைத்தால், பசியாவரத்துக்குள் நான் கால் வைக்க முடியாது. அதைவிட, தனக்கோடிக்கு இன்னொரு தடவை அந்த வாய் இறுகின குழந்தையைப் பார்க்க வேண்டி வரலாம்.

இடது கை தேறியது. பாடு வந்து இறாலைத் தொட்ட நாட்களிலும் சின்னக் கீறல்களைத் தவிர ஒன்றும் இல்லை, அவையும் காய்ந்தன. வலது கை சிவந்து, வெடித்து, அரித்துக்கொண்டே இருந்தது. பூங்காவனத்தம்மாள் மருமகளின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவளே வலது கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். தோற்றேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவும் வந்தார், இந்த முறை ஐஸ் பெட்டியும் படகில் வந்தது. கோயில் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம். பெண்கள் சுற்றி நின்றார்கள். பாதரசம், பகையான தோல், சிவப்பு மருந்து எல்லாவற்றையும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நான் நினைத்தபோது பூங்காவனத்தம்மாள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அதெல்லாம் சரி. இன்னொரு ஊசி போட்டா என் மருமவ கை மறுபடியும் வீங்குமா, வீங்காதா? அத்த சொல்லு."

தங்கைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஊர் பாதி இறங்கி வந்திருக்கிறது. வீங்காது என்று சொன்னால் இன்றைக்கே ஊசி போட்டுவிடலாம். ஒருவேளை வீங்காமலும் போகலாம், எல்லாருக்கும் ஒவ்வொரு தடவையும் வருவதில்லை. வீங்கும் என்று சொன்னால் ஊர் எழுந்து போய்விடலாம், தனக்கோடியின் பிள்ளைக்கு இருந்த ஒரே காவலும் அதோடு போய்விடும். அவள் தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எனக்காகப் பதில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கேள்வி என்னிடம் வந்தது, பதிலும் என்னிடமிருந்துதான் போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. "வீங்கும்," என்றேன். "உடனே வீங்காது. மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ அரிக்கும், அப்புறம் வீங்கும். போன தடவை அளவுக்கு வராது, ஏன்னா மேல சிவப்பு மருந்து பூசப் போறதில்ல. ஒரு வாரம் பத்து நாள்ல தானா அடங்கும். குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனா கை வீங்கும்."

பெரியவர்களில் ஒருத்தர் பூங்காவனத்தம்மாளைப் பார்த்து, உன் வீட்டு விஷயம், நீயே சொல் என்றார். அவள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன கேட்டாள், தனக்கோடி என்ன பதில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. முதல் குழந்தையை மாமியாரும் மறந்திருக்க மாட்டாள்.

"போடு," என்றாள்.

டாக்டரம்மாவே போட்டார். மேலாகத் தோலடியில் நிற்காமல் தசைக்குள் நன்றாக இறங்கும்படி போட்டார், அப்படிப் போட்டால் தோலில் வேகம் குறையும். அரை மணி நேரம் எல்லாரும் தனக்கோடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

கை வீங்கியது. நான் சொன்ன பொழுதுக்கு, சொன்ன மாதிரியே, அரித்துவிட்டு வீங்கியது. போன தடவையில் பாதிகூட இல்லை. அடுத்த முறை நான் போனபோது பூங்காவனத்தம்மாள் அந்தக் கையை ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பயந்துபோய் நின்றேன். அவளோ, நர்சம்மா சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வீங்கியிருக்கிறது பார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கண்டுபிடித்த வைத்தியம் மாதிரி இருந்தது அவள் பேச்சு. ஊசி வேண்டாம் என்றிருந்த கர்ப்பிணிகள் அதற்கு அடுத்த முறை வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கும் வீங்குமா என்று கேட்டாள். வலிக்கும், கொஞ்சம் தடிக்கலாம், உன் கையில் அரிப்பு இருந்தால் வீங்கவும் செய்யலாம் என்று அவரவர் கையைப் பார்த்துச் சொன்னேன். ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, அந்தக் கலப்பு மருந்து கெட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். அது இல்லாத குப்பியால் வந்திருக்கக்கூடிய கேடு அதிகம். கையில் வந்ததையெல்லாம் அலர்ஜி என்று எழுதிவிடவும் வேண்டாம். எப்போது வந்தது, எங்கே வந்தது, அந்தத் தோலில் தினமும் என்ன படுகிறது என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் கழுவிவிட்டுப் பாருங்கள்.

கார்த்திகையில் தனக்கோடிக்கு வலி கண்டது. மழையும் வாடையும் சேர்ந்துகொண்டதால் படகு கிளம்பவில்லை. வீட்டிலேயே பிரசவம் ஆனது. தொப்புள்கொடியை எதனால் அறுத்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். வலைக்கயிறு அறுக்கிற கத்தியைத் துடைத்துவிட்டு அறுத்தார்களாம். கொதிக்க வைக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பேன். காற்று ஓய்ந்து படகு விடும் வரை நான் துறையிலேயே பழியாகக் கிடந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. ரண ஜன்னி வருவதாக இருந்தால் வந்திருக்க வேண்டிய நாட்கள் அவை. எழுப்பலாமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை எனக்கு. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு சுண்டுவிரலை அதன் உதட்டில் வைத்தேன். வாய் திறந்தது. விரலைக் கவ்விக்கொண்டு, பால் வராத கோபத்தோடு, அப்படி ஒரு இழுப்பு இழுத்தது. தனக்கோடி என் முகத்தையே பார்த்திருந்தாள். இன்னா அக்கா என்று கேட்டாள். விரலைக் காட்டினேன். அவள் குழந்தையை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊசி இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். வாய் திறந்தது, அது மட்டும் எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது பூங்காவனத்தம்மாள் வழி மறித்தாள். முந்தின நாள் மீன் கழுவும்போது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறியிருக்கிறது, துணி சுற்றியிருந்தாள். சிவப்பு மருந்து இல்லை, வெறும் துணி. படகுத் துறைப் பக்கம் இருந்த என் ஐஸ் பெட்டியைத் தலையால் காட்டினாள். அன்றைக்கு அதைப் படகுக்காரர்தான் தன் கையால் தூக்கி வைத்திருந்தார்.

"எனக்கும் கை வீங்குமா?" என்றாள்.

"வீங்கலாம்," என்றேன்.

"அப்பச் சரி," என்று ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். "போடு."